கட்டிப்போட்ட கப்பலுக்கு எதற்கு எரிபொருள்? குரூஸ் சுற்றுலாவின் பசுமைக் கணக்கு

துறைமுகத்தில் கயிறு கட்டி நிறுத்தியிருக்கும் ஒரு குரூஸ் கப்பலை மனதில் கொண்டுவாருங்கள். காலை ஏழு மணிக்கு வந்து நின்றது. பயணிகள் ஊர் சுற்றப் போய்விட்டார்கள். மாலை ஐந்து மணி வரை கப்பல் ஓர் அங்குலம் நகரப் போவதில்லை. ஆனாலும் புகைபோக்கியில் புகை நின்றபாடில்லை. ஓடாத கப்பலுக்கு எதற்கு எரிபொருள்?

குரூஸ் துறையிலும் ஹோட்டல் துறையிலும் பசுமை, நிலைத்தன்மை, கார்பன் குறைப்பு என்று நிறையப் பேச்சு அடிபடுகிறது. விளம்பரத்தை மட்டும் படித்துவிட்டு எது உண்மையான முன்னேற்றம், எது வெறும் பேச்சு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். கேட்டரிங் காலேஜ் முடித்துவிட்டுக் கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும், குடும்பத்தோடு ஒரு கப்பல் பயணம் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மேலே கேட்ட கேள்விக்குப் பதில் பிடிபட்டால் மற்றவை தானாகப் புரியும்.

கப்பலுக்குள் ஒரு மின் நிலையம்

2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலை எடுத்துக்கொள்வோம். நீளம் 365 மீட்டர், 20 தளங்கள். அதிகபட்சம் 7,600 பயணிகள் ஏறலாம். அவர்களுக்காக வேலை செய்ய 2,350 பேர். கூட்டிப் பார்த்தால் பத்தாயிரம் பேர், ஒரு சின்ன ஊர். இத்தனை பேருக்கும் ஏசி ஓட வேண்டும். கிச்சனில் அடுப்பு, அவன், ஃப்ரீசர் ஓட வேண்டும். லாண்டரி, லிப்ட், நீச்சல் குளத்தின் பம்ப், நாடக அரங்கின் விளக்கு, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், கழிவுநீர் சுத்திகரிப்பு என்று எதுவுமே நிற்க முடியாது.

இன்றைய குரூஸ் கப்பல்களில் பெரும்பாலும் இன்ஜின் நேரடியாகப் புரொப்பெல்லரைச் சுற்றுவதில்லை. இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது. அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு மோட்டார் வழியாகப் புரொப்பெல்லருக்குப் போகும். மீதி பயணிகளின் வசதிக்குப் போகும். இந்த இரண்டாவது பங்கைக் கப்பல்காரர்கள் ‘ஹோட்டல் லோடு’ என்பார்கள். கப்பல் நின்றதும் முதல் பங்கு பூஜ்யமாகிவிடும். ஹோட்டல் லோடு அப்படியே இருக்கும். ஆகவே துறைமுகத்தில் நிற்கும்போதும் ஒன்றிரண்டு ஜெனரேட்டர்கள் ஓடியே ஆக வேண்டும். கரண்ட் போன கல்யாண மண்டபத்தின் பின்புறம் ஓடுமே ஜெனரேட்டர், அதே வேலைதான். அளவு மட்டும் பல நூறு மடங்கு.

எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய குரூஸ் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது சுமார் 10 மெகாவாட் மின்சாரம் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரத்துக்கு 1 லட்சம் யூனிட். நம் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடினால், இது 250 பில்லுக்குச் சமம். அதாவது நாற்பது வருஷத்துக்கும் மேல். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 200 கிராம் எரிபொருள் செலவாகும் என்றால், ஒரே பகலில் 20 டன் எரிபொருள், 60 டன்னுக்கும் மேல் கரியமில வாயு. அதோடு நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகள்களும் சேர்ந்து வரும். நடுக்கடலில் விடும் புகை வேறு. ஊருக்குப் பக்கத்தில் பத்து மணி நேரம் விடும் புகை வேறு. துறைமுகத்தை ஒட்டி வீடு வைத்திருப்பவர்கள்தான் அதை மூச்சாக இழுக்கிறார்கள்.

ஜூனோவில் நடந்தது

அலாஸ்காவின் தலைநகர் ஜூனோ. சுமார் 32,000 பேர் வாழும் ஊர். மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் அந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. கப்பல் அல்லது விமானம் மட்டும்தான். கோடைக்காலத்தில் குரூஸ் கப்பல்கள் வரிசையாக வந்து நிற்கும். 2023-ல் மட்டும் 16 லட்சத்துக்கும் அதிகமான கப்பல் பயணிகள் வந்திறங்கினார்கள். காற்று அசையாத நாட்களில் புகை மலைச்சரிவில் முட்டி, ஊருக்கு மேலேயே தங்கிவிடும். ஊர்மக்கள் இதைப் பற்றிப் புகார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்கள்.

2001-ல் அங்கே ஒரு காரியம் நடந்தது. பிரின்சஸ் குரூஸஸ் நிறுவனமும் ஊரின் மின் நிறுவனமும் சேர்ந்து, ஃபிராங்க்ளின் தளத்தில் (கப்பல் அணைந்து நிற்கும் துறை) நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்தே மின்சாரம் கொடுத்தார்கள். குரூஸ் கப்பல்களுக்கு உலகில் அதுதான் முதல் முறை. ஜூனோவின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். மலையில் பனி உருகி ஓடிவரும் கோடையில்தான் தண்ணீரும் தாராளம், கப்பல்களும் அதிகம். மிஞ்சும் மின்சாரத்தைக் கப்பலுக்கு விற்பார்கள். தண்ணீர் குறைந்தால் கப்பலுக்கு நிறுத்திவிட்டு ஊருக்குக் கொடுப்பார்கள். கப்பல்கள் மின்சாரத்துக்குச் செலுத்தும் பணம், ஊர்மக்களின் மின்கட்டணத்தைத் தணிக்க உதவுகிறது. தொழில்நுட்பத்தைவிட இந்த ஏற்பாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கப்பல் வருவதால் கஷ்டப்படுகிறவர்களுக்கே அதன் பலனில் ஒரு பங்கு போய்ச் சேர்கிறது.

கரை மின்சாரம் கொடுப்பது எப்படி என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். கப்பல் தளத்தில் அணைந்து, கயிறுகள் இறுகியதும், கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு திறக்கும். கரையில் ஒரு கிரேன் போன்ற கை, தடித்த கேபிள்களின் கற்றையைத் தூக்கி அந்தக் கதவுக்கு நீட்டும். உள்ளே நிற்கும் எலக்ட்ரீஷியன்கள் ஒவ்வொரு கேபிளையும் அதனதன் சாக்கெட்டில் பொருத்திப் பூட்டுவார்கள். ஜூனோவில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் இடையே கடல் மட்டம் 20 அடிக்கு மேலும் ஏறி இறங்கும். கப்பல் ஏறினால் கேபிள் இழுபடக் கூடாது, இறங்கினால் தண்ணீரில் தொங்கக் கூடாது. அந்தக் கை அதற்குத் தகுந்தாற்போல் அசைந்துகொடுக்கும்.

பொருத்தியதும் சுவிட்சைப் போட்டுவிட முடியாது. கரையின் மின்னழுத்தம் 6,600 அல்லது 11,000 வோல்ட். கப்பலின் ஜெனரேட்டரும் அதே அழுத்தத்தில், அதே அதிர்வெண்ணில் (மின்னலை ஒரு நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்ற கணக்கு), அலைக்கு அலை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போன அந்தக் கணத்தில் இணைப்பைப் போட்டு, ஜெனரேட்டரின் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு மாற்றுவார்கள். கடைசியில் ஜெனரேட்டரை அணைப்பார்கள். மேல்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருப்பவருக்கு விளக்குகூடச் சிமிட்டியிருக்காது.

சரி, இவ்வளவு நல்ல விஷயம் ஏன் எல்லாத் துறைமுகத்திலும் இல்லை? முதல் தடை அதிர்வெண். பெரும்பாலான குரூஸ் கப்பல்களில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். வட அமெரிக்காவிலும் 60. ஆகவே ஜூனோ, சியாட்டில், வான்கூவர் போன்ற இடங்களில் நேராக இணைத்துவிடலாம். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ். அங்கே இடையில் ஒரு மாற்றி வேண்டும், அதுவும் பத்து மெகாவாட் தாங்குகிற அளவுக்கு. செலவில் பெரும்பகுதியை அதுவும், அதற்கு வேண்டிய துணைமின் நிலையமும் தின்றுவிடும். இரண்டாவது தடை, யார் முதலில் பணம் போடுவது என்பது. ‘கப்பலில் சாக்கெட் இல்லை, நாங்கள் ஏன் கட்ட வேண்டும்’ என்று துறைமுகம் கேட்கும். ‘கரையில் கேபிள் இல்லை, நாங்கள் ஏன் பொருத்த வேண்டும்’ என்று கப்பல் கேட்கும். ஜூனோவிலேயே இருபது ஆண்டுகள் கழித்தும் மற்ற தளங்களுக்கு இந்த வசதி வந்து சேரவில்லை. பல கப்பல்கள் வரும் நாளில் ஒன்று மட்டும் கேபிளில் நிற்கும், மற்றவை புகை விட்டபடி நிற்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த இழுபறியைச் சட்டத்தால் தீர்க்கப் பார்க்கிறது. 2030-லிருந்து அதன் முக்கியத் துறைமுகங்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் பெரிய பயணிகள் கப்பல்களும் கன்டெய்னர் கப்பல்களும் கரை மின்சாரத்தைப் பயன்படுத்தியாக வேண்டும். துறைமுகமும் கட்ட வேண்டும், கப்பலும் பொருத்த வேண்டும். இருவருக்கும் ஒரே கெடு. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் வந்த விதிகளில் இதுதான் மிகத் தெளிவானது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கரையில் வரும் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன். நிலக்கரி எரித்த மின்சாரம் என்றால் புகை துறைமுகத்திலிருந்து அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறுகிறது. சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கரை மின்சாரம் கொடுப்பதாக வைத்துக்கொண்டாலும், அதில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களிலிருந்துதான் வரும். காற்றாலைகள் வேகமாகச் சுழலும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் கணக்கு கொஞ்சம் மேம்படும். அப்போதும் துறைமுகத்தைச் சுற்றி வாழ்பவர்களின் நுரையீரலுக்கு நன்மை உண்டு. பருவநிலைக்கான நன்மை மின்சாரத்தின் மூலத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

எல்.என்.ஜி. என்ற பதில்

இன்று புதிதாக வரும் பெரிய குரூஸ் கப்பல்களின் விளம்பரத்தில் அடிக்கடி பார்க்கும் பெயர் எல்.என்.ஜி. இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகிவிடும். கப்பலில் தொட்டியில் வைத்து எரிக்கலாம். ஜெர்மனியின் பாப்பன்பூர்க்கில் கட்டப்பட்டு 2018 டிசம்பரில் வந்த ‘ஐடாநோவா’தான் முழுக்க எல்.என்.ஜி.யில் ஓடக்கூடிய முதல் குரூஸ் கப்பல். ஐகான் ஆஃப் தி சீஸும் இதே வகை.

இதில் நல்லது நிறையவே இருக்கிறது. கந்தகம் கிட்டத்தட்ட இல்லை, கரித்துகள் மிகக் குறைவு. எரியும்போது வரும் கரியமில வாயுவும் டீசலைவிட இருபது, இருபத்தைந்து சதவீதம் குறைவு. விளம்பரம் இந்த இடத்தோடு நின்றுவிடும். நாம் இன்னும் ஒரு படி போக வேண்டும்.

இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். குரூஸ் கப்பல்களில் இருக்கும் வகை இன்ஜின்களில் அந்த வாயு முழுவதும் எரிவதில்லை. கொஞ்சம் அப்படியே புகைபோக்கி வழியாக வெளியே தப்பிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் தன் விதிகளில், இந்த வகை இன்ஜின்களுக்கு 3.1 சதவீதம் தப்புவதாக எடுத்துக்கொள்கிறது. கேட்டால் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன், 28 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராகப் பூமியைச் சூடாக்கும். 3.1 சதவீதத்தை 28-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு டன் எல்.என்.ஜி.க்கு ஏறத்தாழ 0.87 டன் கரியமில வாயுவுக்குச் சமமான பாதிப்பு. அந்த ஒரு டன் எரிந்து வரும் கரியமில வாயு 2.75 டன். இரண்டையும் கூட்டி, ஒரே அளவு ஆற்றலுக்கு டீசலோடு ஒப்பிட்டால் இருபது சதவீத லாபம் கிட்டத்தட்ட கரைந்துபோகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேனின் வீரியம் 80 மடங்குக்கும் மேல். அப்போது எல்.என்.ஜி. டீசலைவிட மோசமாகிவிடுகிறது. கிணற்றிலிருந்து கப்பல் வரை குழாயிலும் தொட்டியிலும் கசிவதை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இன்ஜின் தயாரிப்பாளர்கள் இந்தக் கசிவைக் குறைக்க உழைக்கிறார்கள், முன்னேற்றமும் உண்டு. சாணத்திலிருந்தும் குப்பையிலிருந்தும் எடுக்கும் உயிரி எரிவாயுவை அதே தொட்டியில் நிரப்பலாம் என்பதும் உண்மை. ஆகவே எல்.என்.ஜி. கப்பல் என்று கேள்விப்பட்டால், ஊரின் காற்றுக்கு நல்லது என்று தாராளமாகச் சொல்லலாம். பருவநிலைக்கு நல்லது என்று சொல்வதற்கு முன்னால் எந்த இன்ஜின், எவ்வளவு கசிவு, வாயு எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும்.

ஸ்க்ரப்பர் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுவதும் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. விலை உயர்ந்த எரிபொருளுக்கு மாறாமல் தப்பிக்க, பல கப்பல்கள் புகையைக் கடல்நீரால் கழுவும் கருவியைப் பொருத்திக்கொண்டன. கழுவிய அமிலத்தண்ணீர், திறந்த வகைக் கருவிகளில், திரும்பக் கடலுக்கே போகிறது. காற்றில் போக வேண்டியது தண்ணீரில் போகிறது. டென்மார்க்கும் ஸ்வீடனும் 2025 ஜூலை முதல் தங்கள் கடல் எல்லையில் இதைத் தடை செய்துவிட்டன.

மெதுவாகப் போனால் மிச்சம்

எந்தப் புதுக் கருவியும் இல்லாமல் எரிபொருளைக் குறைக்கும் வழி, வேகத்தைக் குறைப்பது. கப்பலைத் தள்ளத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடியாக ஏறும். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தை 18 ஆக்கினால், அதாவது பத்து சதவீதம் குறைத்தால், தள்ளும் சக்தி 27 சதவீதம் குறைகிறது. பயணம் கொஞ்சம் நீள்வதால் மொத்தத்தில் சுமார் 19 சதவீத மிச்சம். சரக்குக் கப்பல் என்றால் இன்னும் மெதுவாக்கலாம். குரூஸ் கப்பலில் அது ஓரளவுக்குத்தான், ஏனென்றால் பயணம் நீளும் ஒவ்வொரு மணி நேரமும் ஹோட்டல் லோடு ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பயணத் திட்டம் போடுகிறவருக்குத்தான் இங்கே பெரிய பொறுப்பு. ஒரு துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாலே அடுத்த ஊருக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். பயணிகள் யாரும் இதைக் கவனிப்பதுகூட இல்லை. கோடிக்கணக்கில் செலவு செய்து பொருத்தும் பல கருவிகளைவிட அட்டவணையில் செய்யும் இந்த மாற்றம் அதிகம் மிச்சப்படுத்தும்.

தண்ணீரும் தட்டும்

இனி ஹோட்டல் பக்கம் வருவோம். கப்பல் ஹோட்டலுக்கும் கரை ஹோட்டலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: கப்பலில் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் எங்கிருந்து வந்தது என்று கணக்கு இருக்கும். குழாயைத் திறந்தால் வரும் என்று அங்கே யாரும் இருக்க முடியாது.

கப்பல் தண்ணீரை இரண்டு வழியில் தயாரிக்கிறது. ஒன்று, ஆவியாக்குவது. இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகப் போய்விடும். இன்ஜினைக் குளிர்வித்துவிட்டு வரும் சூடான நீரைக் கொண்டு, காற்றழுத்தம் குறைந்த ஒரு கலனில் கடல்நீரைக் கொதிக்க வைக்கிறார்கள். அழுத்தம் குறைவு என்பதால் 100 டிகிரி தேவையில்லை. வீணாகப் போக வேண்டிய வெப்பம் குடிநீராகிறது. இரண்டாவது வழி, சென்னைக்கு அருகே மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருப்பது போல, கடல்நீரை ஒரு சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிப்பது; ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் பிடிக்கும். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கரை மின்சாரத்தில் நிற்கும் கப்பலில் இன்ஜின் ஓடாது. ஆகவே அந்த இலவச வெப்பமும் கிடைக்காது. வெந்நீருக்கும் லாண்டரியின் நீராவிக்கும் தனியாகக் கொதிகலனை எரிக்க வேண்டிவரும். புகை முழுவதுமாக நிற்காமல் கொஞ்சம் மிஞ்சுவது இதனால்தான். ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னொரு இடத்தில் இழுக்கும். கப்பல் பொறியாளர்களின் வேலை இந்த இழுபறியைச் சமாளிப்பதுதான்.

கரையில் இப்படிக் கணக்குப் பார்க்கும் பழக்கம் பல நேரம் நெருக்கடி வந்த பிறகுதான் வருகிறது. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வற்றிப்போனபோது ஹோட்டல்கள் லாரித் தண்ணீருக்காக அலைந்தன; சில உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின, சில வாழையிலைக்கும் பாக்கு மட்டைத் தட்டுக்கும் மாறின. மழை வந்ததும் அந்தக் கவனம் தளர்ந்துபோனது. தினமும் ஒவ்வொரு பிரிவும் எத்தனை லிட்டர் செலவழித்தது என்று எழுதிவைக்கும் கப்பலின் ஒழுங்கு, கரை ஹோட்டல்களுக்கு அப்படியே பொருந்தும். மீட்டர் வைப்பதுதான் தொடக்கம்.

விருந்தினரின் பழக்கத்தை மாற்றுவது பற்றி இரண்டு நல்ல ஆய்வுகள் உண்டு. 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஒன்று, குளித்த துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லி ஹோட்டல் குளியலறையில் வைக்கும் அட்டையைப் பற்றியது. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்ற வழக்கமான வாசகத்தைப் பார்த்து மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். பெரும்பாலான விருந்தினர்கள் மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்று எழுதியபோது அது 44 சதவீதமானது. ‘இதே அறையில் தங்கியவர்கள்’ என்று எழுதியபோது இன்னும் கூடியது. மனிதர்கள் அறிவுரையைவிட அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள்.

இன்னொன்று நார்வே ஹோட்டல்களில் நடந்து 2013-ல் வெளியானது. பஃபேயில் தட்டின் அளவைச் சிறிதாக்கினார்கள், வேறொன்றும் செய்யவில்லை. உணவு வீணாவது சுமார் 20 சதவீதம் குறைந்தது. வேண்டியதை இன்னொரு முறை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதால் யாருக்கும் மனக்குறையும் இல்லை. நடுக்கடலில் பஃபே நடத்தும் கப்பலுக்கு இது மிகப் பெரிய விஷயம். கப்பலில் வீணாகும் ஒவ்வொரு கிலோ உணவும் எங்கோ விளைந்து, விமானத்திலோ லாரியிலோ வந்து, குளிரூட்டப்பட்டு, சமைக்கப்பட்டு, அப்புறம்தான் குப்பைக்குப் போகிறது. சர்வதேச விதிப்படி, பொதுவான கடல் பகுதிகளில், அரைத்த உணவுக்கழிவை மூன்று கடல் மைலுக்கு அப்பால் கடலில் விடலாம். பிளாஸ்டிக்கை எங்கேயும் போடக் கூடாது. புதிய கப்பல்கள் உணவுக்கழிவை நுண்ணுயிர்க் கலனில் கரைக்கின்றன, சில வெப்பத்தால் சிதைத்து ஆற்றலாக்குகின்றன. நல்ல கருவிகள்தான். ஆனால் தட்டில் விழாத உணவுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை என்பதை கிச்சனில் நிற்கும் எந்தச் சமையற்காரரும் சொல்வார்.

யார் சரிபார்ப்பது?

2013-ல் ‘கரீபியன் பிரின்சஸ்’ கப்பலில் புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியாளர், இன்ஜின் அறையில் இருக்கக் கூடாத ஒரு குழாயைக் கண்டார். எண்ணெய் கலந்த கழிவுநீர், சுத்திகரிக்கும் கருவியைத் தாண்டி நேராகக் கடலுக்குப் போக வழி செய்யும் குழாய் அது. அவர் சவுத்தாம்ப்டனில் வேலையை விட்டு இறங்கி அதிகாரிகளிடம் சொன்னார். விசாரணையில் இது பல ஆண்டுகளாக நடந்துவந்தது வெளியே வந்தது. பிரின்சஸ் குரூஸஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. 2016 டிசம்பரில் அமெரிக்க அரசு அறிவித்த அந்தத் தொகை, வேண்டுமென்றே கப்பலில் மாசு செய்ததற்காக அதுவரை விதிக்கப்பட்டதில் மிகப் பெரியது.

ஜூனோவில் கரை மின்சாரத்தைத் தொடங்கி வைத்ததும் இதே நிறுவனம்தான். ஒரு நிறுவனம் ஒரு இடத்தில் முன்னோடியாகவும் இன்னொரு இடத்தில் குற்றவாளியாகவும் இருக்க முடியும். ஆகவே நிறுவனத்தின் பெயரை வைத்து நம்புவதோ ஒதுக்குவதோ பயன்படாது. அளந்தது யார், பதிவேடு எங்கே, வெளியாள் சோதித்தாரா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். அந்த இளம் பொறியாளரைப் போல வாய் திறக்கிறவருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதும் அதில் சேர்த்தி. குளியலறை, லாண்டரி, கிச்சனிலிருந்து வரும் அழுக்குநீரைப் பற்றி, கப்பல் மாசைத் தடுப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான மார்போலில் இன்னும் பொதுவான கட்டுப்பாடே இல்லை என்பது பலருக்கும் தெரியாது. மலக்கழிவுக்கு மட்டும்தான் விதி. அலாஸ்கா போன்ற சில இடங்கள் தாமாகக் கடுமையான விதி போட்டிருக்கின்றன.

எண்ணிக்கை என்ற சிக்கல்

ஒவ்வொரு கப்பலும் பயணிக்கு இவ்வளவு என்ற கணக்கில் சிக்கனமாகிக்கொண்டே வருகிறது. அதே நேரம் கப்பல்கள் பெருத்துக்கொண்டும் கூடிக்கொண்டும் இருக்கின்றன. 1988-ல் வியப்பாகப் பார்க்கப்பட்ட ‘சாவரின் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் மொத்த டன்னேஜ் (எடை அல்ல, கப்பலின் உள்கொள்ளளவைக் காட்டும் எண்) சுமார் 73,000. ஐகானுக்கு 2,48,000-க்கும் மேல். உலகம் முழுக்கக் குரூஸ் பயணம் செய்தவர்கள் 2019-ல் 2 கோடியே 97 லட்சம் பேர். 2024-ல் 3 கோடியே 46 லட்சம். தலைக்குக் குறைந்தாலும் மொத்தம் குறையவில்லை. இதை எந்த இன்ஜினும் தனியாகத் தீர்க்க முடியாது.

ஊர்கள் தாங்களே எல்லை வகுக்கத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். வெனிஸில் 25,000 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்கள் 2021 ஆகஸ்ட் முதல் சான் மார்கோ சதுக்கத்தின் முன்னால் போக முடியாது. ஜூனோ, 2024 முதல் நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று நிறுவனங்களோடு பேசி முடிவு செய்தது. 2026 முதல் நாளைக்கு வந்து நிற்கும் கப்பல்களில் மொத்தம் 16,000 பயணிகள் படுக்கைகள், சனிக்கிழமையில் 12,000 என்று அடுத்த வரம்பு. சனிக்கிழமை கப்பலே கூடாது என்று 2024-ல் ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. வேலைக்கும் வியாபாரத்துக்கும் கப்பலை நம்பியவர்களும் அதே ஊர்க்காரர்கள்தானே.

நார்வே இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. கெய்ராங்கர், நேரோய் போன்ற உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளுக்குள் (மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் கிளைகள்) வரும் பயணிகள் கப்பல்கள் புகையே விடக் கூடாது என்று 2018-ல் நாடாளுமன்றம் தீர்மானித்தது. முதலில் எல்லாருக்கும் 2026 என்று நினைத்தார்கள். பெரிய கப்பல்களுக்கான தொழில்நுட்பம் தயாராகவில்லை என்று சொல்லி, 10,000 டன்னேஜுக்குக் குறைந்தவற்றுக்கு 2026 ஜனவரி 1, பெரியவற்றுக்கு 2032 என்று பிரித்தார்கள். இந்த ஆறு ஆண்டுத் தள்ளிவைப்பில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் முடியும் என்று காட்டிய கப்பல் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. ‘ஹவிலா காஸ்டர்’, 10,000 டன்னேஜைத் தாண்டிய, 640 பேர் ஏறக்கூடிய கடலோரக் கப்பல். அதன் பேட்டரியின் அளவு 6.1 மெகாவாட்-மணி, அதாவது 6,100 யூனிட். 2022-லேயே அது கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் பேட்டரியில் மட்டும் போய்வந்தது. நான்கு மணி நேரம் தாங்கும் அந்தப் பேட்டரியைக் கரையில் நார்வேயின் நீர்மின்சாரத்தால் நிரப்புகிறார்கள்.

மூவாயிரம், நாலாயிரம் பேர் ஏறும் கப்பலுக்கு இதே வழி ஒத்துவருமா என்பதற்குப் பதிலும் ஹோட்டல் லோடில்தான் இருக்கிறது. 10 மெகாவாட் ஹோட்டல் லோடு என்றால், 6,100 யூனிட் பேட்டரி புரொப்பெல்லருக்கு ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் முப்பத்தேழு நிமிஷத்தில் காலியாகிவிடும். ஆகவே பெரிய கப்பல் கட்டுகிறவர்களுக்கு இரண்டு வேலை: பேட்டரியைப் பெரிதாக்க வேண்டும், உள்ளே இருக்கும் ஹோட்டலின் பசியைக் குறைக்க வேண்டும். 2032-க்குள் புகையில்லாமல் ஓட வழி காணாத பெரிய கப்பல்கள் ஃபியோர்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.